குஞ்சம்மாவின் பெயரில் ஒரு வீடு

பால் வெள்ளை என்று சொன்னாலும் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வாள் குஞ்சம்மா. கல்முனைச் சந்தையில் அவள் அரிசி வாங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒரு பிடி அள்ளி ஊதுவாள், இரண்டு மணியைக் கடிப்பாள், கடைசியில் கடைக்காரரின் முகத்தையும் ஒருமுறை உற்றுப் பார்ப்பாள். அரிசி நன்றாக இருந்து முகம் சரியில்லையென்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவாள்.

இதற்காக அவளைக் குறை சொல்ல முடியாது. யுத்தத்தின் நடுவே, தொண்ணூறாம் ஆண்டு அவளுடைய தகப்பனை வீட்டு வாசலில் வைத்துக் கூட்டிப் போனார்கள். ஒரு கேள்வி கேட்டுவிட்டு அனுப்பிவிடுவோம் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. அன்றிலிருந்து யாரும் வாயால் சொல்வதை அவள் நம்புவதில்லை. கையில் இருந்தால்தான் உண்டு.

கையில் இருந்தது ஒரு வீடு. பாண்டிருப்புக் கடலோரத்தில் மூன்று அறையும் ஒரு விறாந்தையும், தாய் வழியாக வந்தது. அந்தக் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். தமிழரோ முஸ்லிம்களோ, தாயின் வீடு மூத்த மகளுக்குப் போகும். கட்டிக்கொள்கிறவன் தன் உடுப்புகளோடு வந்து அந்த வீட்டில் குடியேறுவான். மகளின் கல்யாணம் முடிந்ததும் தாயும் தகப்பனும் வளவு மூலையில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். ஆண்பிள்ளை எவ்வளவு உழைத்தாலும் வீட்டு உறுதிப் பத்திரத்தில் அவன் பெயர் வராது. அது ஒரு குறையாக யாருக்கும் பட்டதில்லை.

குஞ்சம்மாவுக்கு அப்படி வந்த மாப்பிள்ளை தங்கத்துரை. தெற்கே வினாயகபுரத்து ஆள், கரைவலை இழுப்பவன். ஆறடி உயரம், பாறை மாதிரித் தோள், ஆனால் வாயில் ஆமாம் என்கிற ஒரே ஒரு சொல்தான்: ஓம். மாமியார் சொன்னாலும் ஓம், வலை முதலாளி சொன்னாலும் ஓம். சோதனைச் சாவடியில் நிற்கிறவன் கேட்டாலும் ஓம், காட்டுக்குள் இருந்து வந்து அரிசி கேட்கிற இயக்கப் பொடியன்கள் கேட்டாலும் ஓம். அந்தக் காலத்தில் உயிரோடு இருந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் பிழைத்தார்கள். குஞ்சம்மாவுக்கு அது வசதியாகவும் இருந்தது, சந்தேகமாகவும் இருந்தது. எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற மனுசன் உள்ளே என்னதான் நினைக்கிறான்? பதினேழு வருசம் ஒரே பாயில் படுத்தும் அவளுக்கு அது பிடிபடவில்லை.

இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் உசாந்தினி, பதினைந்து வயது. இளையவள் வசந்தினி, ஒன்பது.

இரண்டாயிரத்து நான்கு மார்கழி இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் ஊருக்குள் வந்தது. வசந்தினி போய்விட்டாள். மூன்றாம் நாள் ஒரு தாழம்பற்றைக்குள் கிடைத்தாள். தங்கத்துரைதான் தூக்கி வந்தான். வீடு நின்ற இடத்தில் சிமெந்துத் தரை மட்டும் கிடந்தது. உறுதி வைத்திருந்த தகரப்பெட்டியைக் கடல் கொண்டு போயிருந்தது. குஞ்சம்மா நெஞ்சில் அடித்து அடித்து அழுதாள். தங்கத்துரை ஒரு சொட்டும் அழவில்லை.

பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருந்தபோது அவன் காலையில் எழுந்து பிணம் எடுக்கப் போனான். அவனோடு மண்வெட்டி பிடித்தவர்களில் சுஜீபன் என்ற இளம் போதகரும் ஒருவர். தகரக் கொட்டிலில் இருபது முப்பது பேரை வைத்து ஜெபம் நடத்துகிறவர். பாஸ்டர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். முஸ்லிம் மையித்து என்று தெரிந்தால் பள்ளிவாசல்காரரிடம் சேர்ப்பார், மற்றவர்களைத் தானே தூக்கிப் புதைப்பார். வேதம் ஒன்றும் பேசவில்லையாம். அதுவே குஞ்சம்மாவுக்குச் சரியாகப் படவில்லை. மீன்பிடிக்கிற வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாதா, வலை போடுகிறவன் சத்தம் போட மாட்டான் என்று?

மாசி மாதத்தில் தங்கத்துரை ஞாயிற்றுக்கிழமைகளில் காணாமல் போகத் தொடங்கினான். மூன்றாவது ஞாயிறு அவள் பின்னாலேயே போனாள். தகரக் கொட்டிலின் பின்வரிசையில் அவன் முழங்காலில் இருந்தான், அந்தப் பெரிய தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்ததும் கேட்டாள்.

"அங்க எதுக்குப் போறீங்க?"

"அங்க அழலாம் குஞ்சம்மா. ஏன் அழுறாய் எண்டு ஆரும் கேக்கல்ல."

இதையெல்லாம் நம்புகிறவள் குஞ்சம்மா இல்லை. அழுகிறதற்கு ஒரு மனுசன் சாமியை மாற்றுவானா? அது நிவாரணம் பெருகி ஓடிய காலம். அரிசி மூட்டையைத் தூக்கினால் அடியில் ஒரு வேதப்புத்தகம் இருக்கும் என்று ஊரில் பகிடி பண்ணினார்கள். வள்ளம் கிடைக்கும், வலை கிடைக்கும், வெளிநாட்டுக்குக்கூட அனுப்புவார்கள் என்று கதை அடிபட்டது. அவள் தங்கத்துரையின் பையைத் திறந்து பார்த்தாள், தலையணையைத் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லாததுதான் அவளை அதிகம் குழப்பியது. வாங்குவதை எங்கே வைக்கிறான்?

கல்முனையில் அம்மன் கோயில் நிருவாகத்தில் இருந்த அவளுடைய அண்ணன் அழகரெத்தினம் வந்து வெற்றிலையைக் குதப்பியபடி சொன்னார், "ஆதாயம் இல்லாமல் செட்டி ஆத்தோட போவானா தங்கச்சி? பொறுத்துப் பார். இதுக்குள்ள ஒரு பெரிய சாமான் இருக்கு."

ஆவணியில் தங்கத்துரை ஞானஸ்நானம் எடுத்தான். அதுவும் கடலில். தெய்வமே இறங்கி வந்து கேட்டாலும் அந்தக் கடலில் காலை நனைக்க மாட்டோம் என்று ஊர் இருந்த நேரம். பிள்ளையைக் கொன்ற தண்ணீருக்குள் அவன் மார்பளவு இறங்கி நின்று முங்கி எழுந்ததைத் தூரத்தில் நின்று பார்த்தாள் குஞ்சம்மா.

அதற்கான விலையை ஊர் உடனே கேட்டது. புது வலை வந்து கரைவலை திரும்பத் தொடங்கியபோது கோயிலில் பூசை வைத்துத் திருநீறு பூசித்தான் தோணி இறக்குவார்கள். தங்கத்துரை ஒதுங்கி நின்றான். அன்றைக்கு வலை மடியில் மீனே இல்லை, சொறிமுட்டை மட்டும் வந்தது. அடுத்த நாள் வலை முதலாளி அவன் முகத்தைப் பார்க்காமலே, கயிற்றில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இருபது வருசம் இழுத்த கயிறு. அவன் திரும்பி வந்தான்.

வசந்தினியின் ஆண்டுத் திவசம் வந்தது. அப்போது குடியிருந்த தற்காலிகக் கொட்டிலின் முன்னால் வாழையிலை போட்டு, பிள்ளைக்குப் பிடித்த இறால் பொரியலும் கிழங்கும் வைத்து, தகப்பன் கையால் படைக்க வேண்டும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். தங்கத்துரை வேப்பமரத்தடியில் நின்றான். கண்ணீர் தாடி வழியாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் வரவில்லை.

"பிள்ளைக்கு ஒரு பிடி சோறு வைக்க உங்களுக்குக் கை வரல்லையா?" என்று குஞ்சம்மா கேட்டாள்.

"அவள் பசியோட இருக்கிறாள் எண்டு நான் நம்பல்ல, குஞ்சம்மா."

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். அவள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. பெற்ற பிள்ளையின் பசியைக்கூட விற்றுவிட்டான் என்று விழுந்தது. இலையை எடுத்து அண்ணனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி, இது என்ர கொட்டில், வெளிய போங்க என்றாள். அந்தக் கரையில் ஒரு பெண் அப்படிச் சொன்னால் ஆண் எழும்பித்தான் ஆக வேண்டும். தங்கத்துரை இரண்டு சாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான். போகும்போது உசாந்தினியின் தலையில் கை வைத்தான். அவள் குனிந்தபடி நின்றாள்.

நிந்தவூர் அப்துல் ஸமட் போடியார் அவனுக்கு வேலை கொடுத்தார் என்று பிறகு தெரிந்தது. இறக்காமத்தில் அவருக்கு வயல், அதில் ஒரு வாடி, காவல் குடிசை. யானைக் காவலுக்கு ஆள் நிற்பதில்லை. ஒரு போகம் நின்றவன் மறு போகம் வர மாட்டான். தங்கத்துரை அந்த வாடியிலேயே தங்கிவிட்டான்.

நம்பாத குஞ்சம்மா பஸ் ஏறி நிந்தவூருக்கே போனாள். நெல் விலை கேட்க வந்தவள்போலப் போடியார் வீட்டுக்குள் நுழைந்து, ஊர்க்கதையெல்லாம் சுற்றிக் கடைசியில் தங்கத்துரையில் வந்து நின்றாள். ஸமட் போடியார் ஆளை அடையாளம் கண்டுகொண்டார். அந்த மனுசன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு கேட்டவர் தங்கச்சி, வேற ஒண்டும் கேட்கல்ல என்றார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். "வெள்ளிக்கிழமை எனக்கு, ஞாயிற்றுக்கிழமை அவருக்கு. மிச்ச அஞ்சு நாளும் ஆனைக்கு." குஞ்சம்மா சிரிக்கவில்லை. இவரும் அவனும் கூட்டாக எதையோ மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

அழகரெத்தினம் சொன்ன பெரிய சாமான் இரண்டாயிரத்து ஆறில் தலையைக் காட்டியது. கடலோரத்தில் திரும்பக் கட்டக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. உள்ளே வயல் நிரப்பி, ஒரு வெளிநாட்டு நிறுவனம் வீடுகள் கட்டிக் கொடுத்தது. கிராம அலுவலரான விதானை ஒட்டிய பட்டியலில் பதினெட்டாம் இலக்க வீட்டுக்கு நேரே இருந்த பெயர், தங்கத்துரை.

அவள் பெயரைத் தேடினாள். இல்லை. பட்டியல் முழுக்க ஆண்களின் பெயர்தான். குடும்பத் தலைவர் என்றால் ஆண் என்று எங்கோ இருந்து வந்த படிவத்தில் அச்சடித்திருந்தது. அம்மா வழி அம்மா வழியாக வந்த வீடுகளெல்லாம் ஒரே காகிதத்தில் மாப்பிள்ளைமார் கைக்குப் போய்விட்டன. மற்றப் பெண்கள் முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார்கள். அவர்களுடைய புருசன்மார் வீட்டில் இருந்தார்கள். குஞ்சம்மாவின் புருசனோ துரத்தப்பட்டவன், வேதக்காரன். உசாந்தினிக்குப் பதினேழு வயது. வீடில்லாத பெண்ணை அந்தக் கரையில் எவன் கட்டுவான்?

"நான் சொல்லல்லையா?" என்றார் அண்ணன். "இதுக்குத்தான் தண்ணியில முங்கினவன். நாளைக்கு உன்ர வீட்டு முன் விறாந்தையில மைக் கட்டி அல்லேலூயா படிப்பாங்க. நீ றோட்டுல நிண்டு கேட்டுக்கொண்டிரு."

இருவரும் சேர்ந்து பிரதேச செயலகக் கந்தோருக்கு ஒரு பெட்டிசன் எழுதினார்கள். வீட்டுக்காகச் சமயம் மாறினவன், மனைவியையும் குமர்ப்பிள்ளையையும் கவனியாதவன் என்று அண்ணன் சொல்லச் சொல்லக் குஞ்சம்மா கையெழுத்து வைத்தாள். மருதமுனையில் அவள் நூல் சுற்றிக் கொடுக்கிற நெசவுக்காரி ஹாஜறா மட்டும் தடுத்துப் பார்த்தாள். "தங்கச்சி, பெட்டிசன் எழுதுறது லேசு. எழுதினத்தைத் திருப்பி விழுங்க ஏலா. எங்கட ஊரிலயும் வீடு பொம்புளைப் புள்ளைக்குத்தான், உன்ர பயம் எனக்கு விளங்குது. ஆனா மனுசனட்ட ஒரு சொல்லுக் கேட்டியா?" கேட்க வேண்டியதில்லை என்றாள் குஞ்சம்மா. கேட்டால் ஓம் என்பான், அதை நம்பியா வீட்டைப் பறிகொடுப்பது?

விசாரணை இரண்டாயிரத்து ஏழு பங்குனியில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் கந்தோர் அதிகாரி, இந்தப் பக்கம் குஞ்சம்மாவும் அண்ணனும். தங்கத்துரை வெயிலில் கருகி, முன்னைவிட மெலிந்து வந்திருந்தான். பாஸ்டர் சுஜீபனும் கூட வந்து வாசலோடு நின்றார். குஞ்சம்மா இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அதிகாரி பெட்டிசனை வாசித்தார். தங்கத்துரை எதையும் மறுத்துப் பேசவில்லை. வீடு அவளுக்கு உரியதுதான் சேர், அவள்ர பேருக்கே எழுதுங்க என்றான். இவ்வளவு சுகமாக வருமென்று யாரும் நினைக்கவில்லை. குஞ்சம்மாவுக்கு உடனே மூக்கில் வேர்த்தது. எங்கேயோ ஒரு முடிச்சு இருக்கிறது.

முடிச்சு இருந்தது. புருசன் செத்திருக்க வேண்டும், அல்லது கைவிட்டுப் போயிருக்க வேண்டும். அப்போதுதான் பெண்ணின் பெயருக்கு வீடு எழுதலாம் என்பது விதி. அதிகாரி வெள்ளைத் தாளை நீட்டினார்.

"மனைவியைக் கைவிட்டுப் போனேன் எண்டு ஒரு வரி எழுதுங்க. வேலை முடிஞ்சுது."

தங்கத்துரை தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"அதை எழுத ஏலா சேர்."

அழகரெத்தினம் தங்கையின் முழங்கையை இடித்தார். குஞ்சம்மாவும் அதைத்தான் நினைத்தாள். அகப்பட்டான். இத்தனை நாள் பூனை மாதிரி இருந்தவன் இப்போது வெளியே வந்துவிட்டான். ஏன் ஏலாது என்று அதிகாரி சினந்தார்.

"நான் கைவிடல்ல சேர். பொய் எழுத ஏலா."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மேசையில் உண்மை எழுதினவன் எவன்? இது படிவத்துக்காகத்தானே என்று எடுத்துச் சொன்னார். பிறகு, சரி, அவதான் உங்களை வெளியால போட்டவவா? அப்பிடியெண்டா அதை எழுதுங்க என்றார்.

குஞ்சம்மா அந்தத் தாளையே பார்த்தாள். அது உண்மை. அதை அவன் எழுதினால், புருசனைத் துரத்தியவள் கைவிடப்பட்டவள் ஆக மாட்டாள். பதினெட்டாம் இலக்கத்தில் அவள் பெயரும் வராது, உசாந்தினியின் பெயரும் வராது. தங்கத்துரை அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். ஒன்றேகால் வருசத்துக்குப் பிறகு பார்க்கிறான்.

"அதையும் எழுத மாட்டன்," என்றான். "நான் வேற ஒண்டு எழுதுறன்."

ஐந்தாம் வகுப்புப் படித்த கை. ஒவ்வொரு எழுத்தாக வைத்து முடிக்க நெடுநேரம் ஆனது. அதிகாரி எடுத்து வாசித்தார்: "இந்த வீடு எங்கள் ஊர் வழக்கப்படி என் மனைவி குஞ்சம்மாவுக்கு உரியது. எனக்கு இதில் ஒரு உரித்தும் வேண்டாம். நான் அவளைக் கைவிடவில்லை. நான் இந்த வீட்டில் குடியிருக்கவில்லை. இனிமேலும் குடியிருக்க மாட்டேன்."

கடைசி வரி போதும் என்றார் அதிகாரி, புருசன் குடியிராத குடும்பம் என்று பதியலாம். ஆனால் குடும்ப அட்டையில் இருந்து பெயர் போகும், மீனவருக்கு வரவிருக்கிற வள்ளம் வலை ஒன்றும் கிடைக்காது, தெரியுமா என்று கேட்டார். தெரியும் சேர் என்று தங்கத்துரை கையெழுத்து வைத்தான்.

வெளி விறாந்தையில் பாஸ்டர் அவனைப் பிடித்துக்கொண்டார். தூணுக்கு இந்தப் பக்கம் நின்ற குஞ்சம்மா காதைக் கூர்மையாக்கினாள். அந்த முன் விறாந்தையில் ஞாயிறு கூடலாம் என்று சபை எல்லாம் நினைத்திருந்தது, ஒரு சொல் கேட்காமல் எழுதிக் கொடுத்துவிட்டீர்களே என்று அவர் குறைப்பட்டார். அது அவள்ர வீடு பாஸ்டர் என்று மட்டும் தங்கத்துரை சொன்னான். பாஸ்டர் முகம் இருண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். ஆக, அண்ணன் மைக்கைப் பற்றிச் சொன்னது முழுப் பொய்யில்லை. மனுசனைப் பற்றிச் சொன்னதுதான் பொய்.

அடுத்த தையில் வீடு கைக்கு வந்தது. உறுதியை ஹாஜறாவின் மருமகன் பஸால் படித்துக் காட்டினான். அவன் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருந்தான், சட்டக் கடுதாசிகள் பழக்கம். குஞ்சம்மா மூன்று முறை படிக்க வைத்தாள். எங்கேயாவது சின்ன எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். ஒண்டுமில்ல உம்மா, உங்கட பேருதான் என்றான் அவன். அவள் வீட்டுக்குப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். சந்தேகப்பட ஒன்றும் மிஞ்சவில்லை. அன்றைக்குத்தான், அவன் போய் இரண்டு வருசத்துக்குப் பிறகு, அந்தப் புது வீட்டுத் தரையில் தனியே இருந்து புருசனுக்காக அழுதாள். ஒரு நல்ல மனுசனை நாய் மாதிரித் துரத்திவிட்டேனே என்று வாய்விட்டுச் சொன்னாள்.

மறுவாரம் இறக்காமத்துக்குப் போனாள். வழியில் மூன்று இடத்தில் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். வாடியில் தங்கத்துரை யானை மிதித்த வேலியைக் கட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு வந்து, உசாந்தினிக்கு என்ன என்றுதான் முதலில் கேட்டான். ஒன்றுமில்லை, வீட்டுக்கு வாங்க என்றாள்.

"நான் எழுதிக் குடுத்திட்டன் குஞ்சம்மா."

"ஆரு வந்து பாக்கப் போறான்? விதானையே ரெண்டு வீட்டுல இருக்கான்."

"ஒருத்தனும் பாக்க மாட்டான். நான் எழுதினது."

அவளுக்குக் கோபம் வந்தது. வீடு போனது, வள்ளம் போனது, கயிறு போனது, இப்போது சபைக்காரர்கள்கூட முன்னைப்போலக் கதைப்பதில்லையாமே, அவர்களிடம் போய்ப் பின்வரிசையில் இருந்துவிட்டு வருகிறீர்களாமே என்று அடுக்கினாள். இவ்வளவையும் கொடுத்து உங்களுக்கு என்னதான் கிடைத்தது என்று கேட்டாள். இந்த முறை அவள் உளவு பார்க்கவில்லை. உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.

தங்கத்துரை வரம்பில் குந்திக்கொண்டான்.

"முந்தி நான் எல்லாருக்கும் ஓம் எண்டு சொன்ன ஆள். ஆமிக்கும் ஓம், பொடியனுகளுக்கும் ஓம். ஒரு ஓமிலயும் நான் இல்ல. பயம்தான் இருந்திச்சு. இப்ப ஓமெண்டா ஓம், இல்லயெண்டா இல்ல. என்ர வாயை எனக்கே நம்ப ஏலும். அது பெரிய சுகம் குஞ்சம்மா, உனக்குச் சொல்லித் தெரியாது."

அவள் பஸ்ஸுக்கு நடந்தாள். வழியில் ஸமட் போடியார் தன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். வாய்க்கால் தண்ணீருக்குப் பக்கத்து வயற்கண்டத்துக்காரர்கள் பொல்லெடுத்துக்கொண்டு நின்றால்கூட, முதலில் யார் மடையைத் திறந்தது என்று தங்கத்துரையிடம்தான் கேட்கிறார்களாம். எனக்குப் பாதகமாகவும் சொல்லியிருக்கிறார் தங்கச்சி, ஆனாலும் அடுத்த முறையும் நான் அவரிடம்தான் கேட்பேன் என்றார். யாரையும் யாரும் நம்பாத காலத்தில் அப்படி ஒரு பெயர் லேசில் கிடைக்காது. அது தன் புருசனுக்குக் கிடைத்திருக்கிறது என்பதைக் குஞ்சம்மா பஸ் யன்னலோரத்தில் இருந்து யோசித்துக்கொண்டே வந்தாள்.

யுத்தம் முடிந்தது என்று இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் வானொலி சொன்னது. சந்தியில் சிலர் வெடி கொளுத்தினார்கள். பாண்டிருப்பில் கதவுகளைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். ஆவணியில் உசாந்தினிக்குக் கல்யாணம் பேசி வந்தது. மாப்பிள்ளை காரைதீவு சதீஸ், மேசன் வேலை. வந்தவர்கள் முதலில் கேட்டது வீடு யார் பெயரில் என்றுதான். குஞ்சம்மா உறுதியை எடுத்து வைத்தாள். கல்யாணத்துக்கு முந்தின வாரமே அதை மகளின் பெயருக்கு எழுதினாள். தங்கத்துரை கல்யாணத்துக்கு வந்தான், வளவில் எல்லாரோடும் இருந்து சாப்பிட்டான், மகளுக்காகக் கண்ணை மூடி ஜெபித்தான், கடைசி பஸ்ஸில் போய்விட்டான்.

மூன்றாம் நாள் அழகரெத்தினம் கிடுகும் கம்பும் கொண்டு வந்து இறக்கினார், வழக்கப்படி வளவு மூலையில் தங்கைக்குக் குடிசை போட. வேண்டாம் என்றாள் குஞ்சம்மா. தான் இறக்காமத்துக்குப் போவதாகச் சொன்னாள். அண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டார்.

"எங்கட குடியில எந்தப் பொம்புளை புருசன்ர குடிசைக்குப் போய் இருந்திருக்கிறாள்? ஊர் காறித் துப்பும். பிறகு கோயில் பக்கம் நீ வர ஏலா, அவனோட நீயும் மாறிட்டாய் எண்டுதான் சொல்லுவாங்க."

"சொல்லட்டும். நான் மாறவும் இல்ல, மாறப் போறதும் இல்ல. அவர் கந்தோரில எழுதின கடுதாசிக் கொப்பியைப் பஸாலைக் கொண்டு படிப்பிச்சன். அந்த வீட்டுல குடியிருக்க மாட்டன் எண்டுதான் அவர் எழுதினவர். என்னோட இருக்க மாட்டன் எண்டு எழுதல்ல. வீடு இப்ப என்ரதும் இல்ல."

அண்ணன் கம்பையும் கிடுகையும் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் தங்கையோடு கதைக்கவே இல்லை. அந்த வருசக் கோயில் சடங்குக்குக் குஞ்சம்மாவின் பெயரை யாரும் வாசிக்கவில்லை. அது அவளுக்கு உயிர் போகிற வலிதான். அவள் அதை யாருக்கும் மறைக்கவில்லை.

இரண்டு பையில் உடுப்பும், ஒன்றில் சட்டி பானையும், சேலைத் தலைப்பில் முடிந்த திருநீறுமாக அவள் இறக்காமத்தில் இறங்கி, வரம்பு வழியாக வாடிக்கு நடந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தங்கத்துரை வாசலில் நின்றான். அவளைப் பார்த்தான், பைகளைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு களைப்பு வந்தது. அவள் இதற்கு முன்பு அவனைத் தேடியதெல்லாம் ஏதோ ஒரு தேவைக்காகத்தானே. சட்டைப்பையைத் தடவி ஒரு பேனையை எடுத்தான்.

"இப்ப என்னத்தில கையெழுத்து வைக்க வேணும்?"

குஞ்சம்மா அந்தப் பேனையைப் பார்த்தாள். இவ்வளவு காலம் இந்த உலகத்தை அவள் எப்படிப் பார்த்தாளோ, அப்படித்தான் இன்றைக்கு அவன் அவளைப் பார்க்கிறான். அதில் அவனைக் குறை சொல்ல அவளுக்கு ஒரு நியாயமும் இல்லை.

"ஒண்டிலயும் இல்ல," என்றாள். "இந்தச் சட்டிப் பையைப் பிடிங்க, கை நோகுது. நான் இங்க இருக்க வந்திட்டன்."

அவன் பேனையைத் திரும்பச் சட்டைப்பையில் செருகினான். பிறகு வரம்பில் இறங்கி வந்து மூன்று பைகளையும் வாங்கிக்கொண்டான்.